பட்டுப்போகும் தென்னையை எப்போது வெட்டுவது, எப்படிப் பயன்படுத்துவது

தலை முறிந்து விழுந்து, மொட்டைக் கட்டையாக நின்ற பிறகுதான் தென்னையை வெட்ட ஆளைக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். உசிரோடு நிற்கிற மரத்தில் வாளை வைக்க மனசு வராது. மாமனார் கையால் வைத்த மரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் மொட்டையான பிறகு அதில் சூளை விறகுக்கு மேல் ஒன்றும் தேறாது. உச்சியில் நாலைந்து மட்டை பச்சையாக இருக்கும்போதே இறக்கியிருந்தால், இரண்டு மூன்று மரத்திலேயே ஒரு மாட்டுக் கொட்டகைக் கூரைக்கு வேண்டிய கைமரமும் ரீப்பரும் கிடைத்திருக்கும். பக்கத்து மரங்களுக்கு வண்டும் ஏறியிருக்காது. பிழைக்காது என்று தெரிந்த மரத்தை அது சாகும்வரை விட்டுவைக்காதீர்கள். நான் சொல்ல வருவது அதுதான், மற்றதெல்லாம் எப்படிச் செய்வது என்ற விவரம்.

எங்கள் தோப்பு பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கிறது. மணற்சாரி நிலம். கோடையில் வாய்க்கால் காய்ந்தால் போர் தண்ணீர்தான் கதி. தஞ்சாவூர் வாடல் நோய்க்கு இந்த மாதிரி மண் ரொம்பவும் தோது. 1952-ல் தஞ்சை மாவட்டத்தில் முதலில் தென்பட்டதால் அதற்கு நம் ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. கனோடெர்மா என்ற காளான் வேர் வழியாகப் புகுந்து அடித்தண்டை அழுக வைப்பதால் அடித்தண்டழுகல் என்றும் சொல்கிறார்கள். அப்புறம் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. விழுந்தது விழுந்தது போக, வேர் அறுந்து சாய்ந்தபடி நின்ற மரங்களும் இருந்தன. சில மரம் தேறியது, சில மரம் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே கிடந்தது. ஆக டெல்டாவில் தோப்பு வைத்திருக்கிற யாருக்கும் சாகிற மரத்தை என்ன செய்வது என்ற கேள்வி வராமல் போகாது.

எந்த மரம் பிழைக்காது

முதலில் அடிமட்டையைப் பாருங்கள். வெளிச்சுற்று மட்டைகள் மஞ்சளாகி, வாடி, மரத்தோடு ஒட்டித் தொங்கும். காய்ந்த மட்டை தானாக விழாமல் பாவாடை மாதிரி சுற்றி நிற்கும். பிறகு பாளை வருவது குறையும், வந்த பாளையில் குரும்பை நிற்காது. அப்புறம் குனிந்து அடிமரத்தைப் பாருங்கள். தரையை ஒட்டிய வெடிப்புகளில் செம்பழுப்பு நிறத்தில் சாறு கசிந்து, காய்ந்து கறுத்திருக்கும். அந்தக் கசிவு நாளாக நாளாக மேலே ஏறும். மழைக்காலத்தில் அடிமரத்தில் விசிறி போலத் தட்டையாக, மேலே பளபளவென்று செம்பழுப்புக் காளான் பூத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. அந்த மரத்துக்குச் செலவு செய்வதை நிறுத்திவிட்டு, பக்கத்து மரங்களுக்குச் செய்யுங்கள்.

ஆனால் சாறு வடிகிற மரமெல்லாம் சாகிற மரம் இல்லை. கசிவு தரையை ஒட்டி ஆரம்பிக்காமல் நடுத்தண்டில் அங்கங்கே இருந்து, மட்டைகளும் நன்றாக இருந்தால் அது தண்டில் சாறு வடிதல் என்ற வேறு நோய். கெட்ட இடத்தை உளியால் சுரண்டி எடுத்துவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசினால் காப்பாற்றிவிடலாம். சுருள் வெள்ளை ஈ வந்து மட்டையெல்லாம் கரும்பூசணம் படிந்து, தோப்பே கரி பூசினது மாதிரி தெரிகிறதே என்று வெட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்த ஈ காய்ப்பைக் குறைக்கும், மரத்தைச் சாகடிக்காது. சந்தேகம் இருந்தால் பட்டுக்கோட்டைப் பக்கம் வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போட்டோவும், அடிமரத்துச் சீவல் கொஞ்சமும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

வெட்டுவது என்று முடிவானதும் மரத்தின் வயதைக் கணக்குப் போடுங்கள். தென்னை மாதத்துக்குச் சுமாராக ஒரு மட்டை விடும். மட்டை விழுந்த இடத்தில் தண்டில் ஒரு வளையம் நிற்கும். வளையங்களை எண்ணிப் பன்னிரண்டால் வகுத்து, தண்டு விடுவதற்கு முந்தின வருஷங்களையும் சேர்த்தால் வயது வந்துவிடும். இளம் மரத்தில் வைரம், அதாவது கெட்டிப்பட்ட கட்டை, கிடையாது, அதை அறுவை மில்லுக்கு ஏற்றுவது வண்டி வாடகைக்குக் கேடு. அறுபது வயதைத் தாண்டிய நெட்டை மரத்தில்தான் நல்ல சட்டம் வரும்.

ஏறவே கூடாது

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வாடல் கண்ட மரத்தில் யாரையும் ஏற விடாதீர்கள். பார்க்க மரம் திடமாக நிற்கும். உள்ளே அடித்தண்டு அழுகி, வெளிப்பட்டை மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும். ஆள் பாதி ஏறுவதற்குள் அடியோடு முறியும். எங்கள் தோப்பில் மரம் ஏறுகிற அண்ணன் பழக்க தோஷத்தில், "அக்கா, உச்சியில நாலஞ்சு காய் இருக்கு, ஒரு நிமிஷத்துல இறக்கிடறேன்" என்பார். "வேண்டாம்ண்ணே, மரம் விழுந்தப்புறம் தரையிலேயே பொறுக்கிக்கலாம்" என்று சொல்லிவிடுவேன். கூலியை அவருக்குக் குறைக்காமல் கொடுத்து, தரை வேலையைக் கொடுத்தால் அவருக்கும் வருத்தம் இருக்காது.

ஏறாமல் எப்படி இறக்குவது? பொக்லைன் வைத்துத் தள்ளுவதுதான் நல்லது. மணல் நிலத்தில் மரத்தின் ஒரு பக்கம் வேரை முதலில் தோண்டி அறுத்துவிட்டு, எதிர்ப் பக்கமிருந்து பக்கெட்டால் மெல்லத் தள்ளினால் வேர்க்கட்டையோடு சாயும். அடிக்கட்டையைத் தனியாகத் தோண்டுகிற செலவு மிச்சம். வாடல் நோய் மரத்துக்கு இது ரொம்ப முக்கியம், காரணத்தைக் கீழே சொல்கிறேன். பொக்லைன் போக வழியில்லாத தோப்பில் மெஷின் வாள்தான். விழ வேண்டிய திசையில் வாய் வெட்டி, நீளமான தொரட்டியில் கயிற்றை எட்டின மட்டும் உயரத்தில் மாட்டி, மரத்தின் உயரத்தை விட நீளமான கயிறாக வைத்துக்கொண்டு தள்ளி நின்று இழுக்க வேண்டும். கரண்டு கம்பி கிட்டே இருந்தால் மின்வாரிய லைன்மேனிடம் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வாளைத் தொட வேண்டும். காற்று அடிக்கிற நாளில் இந்த வேலையே வேண்டாம்.

விழும்போது பக்கத்து மரத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டையை இழுத்துக்கொண்டு போகும்போது சங்கிலி பட்டு நல்ல மரத்தில் காயம் ஆனால், அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். ஒரு மரத்தை எடுக்கப் போய் இரண்டு மரத்தை இழந்த கதையாகிவிடும்.

நேரம் என்று பார்த்தால் மாசியிலிருந்து வைகாசிக்குள். வழக்கமாக மேட்டூர் அணை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்கும். அந்த இடைவெளியில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும், வண்டி எங்கே வேண்டுமானாலும் போகும். அறுத்த பலகை காய்வதற்கும் வெயில் காலம்தான் தோது. ஐப்பசி மழையில் அறுத்துப் போட்ட தென்னம்பலகை பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துபோகும்.

கட்டையைப் பிரிப்பது

மரம் தரையில் கிடக்கிறது. இப்போது அவசரப்பட்டு எட்டடி எட்டடியாகத் துண்டு போடாதீர்கள். முதலில் அடிப்பக்கத்திலிருந்து ஒரு முழத்துக்கு ஒரு வெட்டாக அறுத்து முகத்தைப் பாருங்கள். அழுகல் இருந்தால் பழுப்பாக, நசநசவென்று, புளித்த வாடையோடு இருக்கும். அந்தப் பழுப்பு எங்கே நின்று முகம் சுத்தமாகத் தெரிகிறதோ, அதற்கு மேல் இன்னும் ஒரு முழம் தள்ளித்தான் நல்ல கட்டை. கீழ்ப்பகுதியை வண்டியில் ஏற்றவே வேண்டாம், தோப்பிலேயே எரித்துவிடலாம். தென்னையில் நல்ல வைரம் அடியில்தான் இருக்கிறது, இந்த நோய் தின்பதும் அடியைத்தான். ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் கெடுவது மரத்தின் விலையுள்ள பாகம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

சுத்தமான முகத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டுக் கிட்டே உட்கார்ந்து பாருங்கள். தேக்கு, வேம்பு மாதிரி இதில் ஆண்டு வளையம் கிடையாது. வெளிர் நிறத்தில் கேழ்வரகைக் கொட்டிவிட்டது போலக் கரும்பழுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் நெடுக ஓடுகிற ஒரு நார்க்கற்றை. பட்டையை ஒட்டிப் புள்ளிகள் இடைவெளியே இல்லாமல் நெருங்கிக் கிடக்கும். அங்கே கட்டை விரல் நகத்தை அழுத்தினால் பதியாது. உள்ளே போகப் போகப் புள்ளி அகலும், நகம் லேசாகப் பதியும். நடுவில் புள்ளி ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று சிதறி, மீதி எல்லாம் சோறு. நகம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிவிடும். கட்டையை எதற்குப் பயன்படுத்துவது என்பதை இந்த நகச் சோதனையிலேயே முடிவு பண்ணிவிடலாம். எடைக் கணக்கில் சொன்னால் வெளி வைரம் உலர்ந்த நிலையில் கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் வரும். நடுச்சோறு 400 கிலோவுக்குக் கீழே. ஒரே கட்டைக்குள் இரண்டு மரம் இருக்கிற மாதிரி. இதைத் தெரியாமல் நடுச்சோறு கலந்த சட்டத்தைக் கூரைக்குப் போட்டுவிட்டு, தென்னை உளுத்துவிட்டது என்று மரத்தைக் குறை சொல்கிறார்கள்.

மரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வைரம் ரொம்ப மெல்லிசு. அதை அறுவைக்கு அனுப்ப வேண்டாம்.

அறுவை மில்லில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், தென்னை என்று. இந்த மரம் வாளின் கூர்மையைச் சீக்கிரம் மழுக்கும். அதனால் சில மில்லில் எடுக்க மாட்டார்கள். கார்பைடு பல் வைத்த வாள் இருக்கிற மில்லாகத் தேடிப் போங்கள். வெட்டின இரண்டு வாரத்துக்குள் அறுப்பது நல்லது. அறுக்கும்போது கட்டையை நடுவில் பிளக்க விடாதீர்கள். நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வெளிப்பலகையை எடுத்துக்கொண்டே வந்து, நடுவில் சதுரமாக ஒரு சோற்றுக் கட்டையை மிச்சம் விட வேண்டும். கூட நின்று பாருங்கள். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் வழக்கம்போல நேராகக் கீறிவிடுவார்கள். எங்கள் தச்சு மேஸ்திரி, "வைரப் பக்கம் எதுன்னு ஒவ்வொரு சட்டத்துலயும் சாக்பீஸ்ல குறி போட்டுடுங்க தாயி, காஞ்சப்புறம் கண்டுபிடிக்கிறது கஷ்டம்" என்பார். நான் குறி போடாமல் ஒரு சட்டத்தைக்கூட வண்டியில் ஏற்ற விடுவதில்லை.

அறுத்த அன்றைக்கே மருந்தில் நனைத்துவிட்டால் பூஞ்சணமும் உளுவும் வராது. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் ஆசிட். வெந்நீரில் கரைத்தால் சீக்கிரம் கரையும். தார்ப்பாயைப் பள்ளத்தில் விரித்துத் தொட்டி மாதிரி செய்து அதில் முக்கி எடுத்து, இரண்டு மூன்று வாரம் பிளாஸ்டிக் தாளால் போர்த்தி வைத்தால் மருந்து உள்ளே இறங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மிச்சத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும், அதனால் கூரைக்கு அடியில் இருக்கிற மரத்துக்குத்தான் இது. கஜா மாதிரி புயலில் விழுந்த, நோயில்லாத கட்டை என்றால் பெரியவர்கள் செய்தபடி குட்டையில் ஊறப்போட்டு எடுத்தும் பயன்படுத்தலாம்.

காயப்போடும்போது தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, செங்கல் மேல் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரே கனத்தில் குச்சி வைத்து, மேலே கல் ஏற்றி, நிழலில் காய விடுங்கள். நேர் வெயில் பட்டால் கோணிக்கொள்ளும். ஓரங்குலப் பலகைக்கு இரண்டு மூன்று மாதம், இரண்டங்குலச் சட்டத்துக்கு நாலு மாதத்துக்கு மேல். சித்திரையில் அறுத்தால் ஆவணிக்குள் தயார்.

எதை எதற்கு

வெளி வைரம் கைமரத்துக்கும் ரீப்பருக்கும் உத்தரத்துக்கும். ஆணி அடிக்கும் முன்னால் துளை போடுங்கள், இல்லாவிட்டால் ஆணிதான் வளையும். ஓரத்தில் அடித்தால் நார் பிளந்துகொள்ளும். கொட்டகைத் தூணாகவும் நிறுத்தலாம், ஆனால் மண்ணில் புதைக்கக் கூடாது. ஈரமண் பட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் கறையான் முடித்துவிடும். ஒரு அடி உயரத்துக்குக் கான்கிரீட் கட்டை போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். நடுத்தரக் கட்டை ஆட்டுப்பட்டிக்குப் பரண், சென்ட்ரிங் பலகை, காய் போட்டு வைக்கிற மேடை இதற்கெல்லாம் போதும். வாய்க்காலுக்குக் குறுக்கே போடுகிற நடைபாலத்துக்கு அறுக்கவே வேண்டியதில்லை, நோயில்லாத முழுக் கட்டையே நல்லது. இரண்டு கட்டையை ஒட்டிப் போட்டு, மேலே குறுக்குச் சட்டம் அடித்தால் தலையில் புல்லுக்கட்டோடு வருகிறவர்கள் பயமில்லாமல் கடப்பார்கள். வருஷா வருஷம் கோடையில் ஒரு தடவை அடியில் குத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோற்றுக் கட்டையையும் தலைப்பகுதியையும் பிளந்து வெயிலில் போட்டால் ஒரு மாதத்தில் காற்றாக லேசாகிவிடும். அடுப்புக்கும் நெல் அவிக்கவும் பரவாயில்லை. பிளக்காமல் உருண்டையாக மட்டும் போட்டு வைக்காதீர்கள். மக்குகிற தென்னங்கட்டைதான் காண்டாமிருக வண்டு முட்டையிட விரும்புகிற இடம். ஒரு மழை பெய்த பிறகு பழைய கட்டையைப் பிளந்து பாருங்கள், வளைந்து கிடக்கிற வெள்ளைப் புழுக்கள் விரல் பருமனுக்கு இருக்கும். அவை வண்டாகி எழுந்து போய் உங்கள் இளங்கன்றின் குருத்தைத்தான் குடையும். மொட்டை மரத்தில் கிளியும் மைனாவும் கூடு வைக்குமே, ஒன்றிரண்டு நிற்கட்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த ஆசை உண்டு. அதற்கு வரப்பில் பட்டு நிற்கிற பனையை விட்டு வைக்கிறேன். தென்னைத் தோப்புக்கு நடுவில் தென்னங்கட்டையை விட்டு வைப்பது அந்தத் தோப்புக்குச் செய்கிற நல்லது இல்லை.

மட்டையில், பச்சையாக இருக்கிறதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கீற்று முடையலாம். வாடின மட்டை முடைய உதவாது, ஈர்க்கு கிழித்துக்கொண்டு மீதியை விறகுக்குப் போடலாம். புயலில் விழுந்த மரமாக இருந்தால், விழுந்த இரண்டு நாளுக்குள் குருத்தை எடுத்துவிடுங்கள். பால் வெள்ளையாக, இனிப்பாக இருக்கும். பொரியல் செய்யலாம், பிள்ளைகள் பச்சையாகவே தின்னும்.

அடிக்கட்டையும் குழியும்

வாடல் நோய்க் காளான் மரம் போன பிறகும் வேரிலும் அடிக்கட்டையிலும் உயிரோடு இருந்து, மண்ணுக்குள்ளேயே அடுத்த மரத்துக்கு நகரும். வேரோடு தள்ளச் சொன்னது இதற்குத்தான். அடிக்கட்டையையும் கைக்குக் கிடைத்த வேரையும் அந்தக் குழியிலேயே போட்டு எரியுங்கள். நோய் கண்ட இடத்தைச் சுற்றி இரண்டடி ஆழம், ஓரடி அகலத்தில் பள்ளம் வெட்டுங்கள். அந்தப் பள்ளம் நோய் வேர் இந்தப் பக்கம் வராமல் தடுக்கும். சுற்றியுள்ள நல்ல மரங்களுக்கு வருஷத்துக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, தொழுவுரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணம். கசிவு லேசாக ஆரம்பித்த மரம் இருந்தால் ஒரு சத போர்டோ கலவை 40 லிட்டரை அடியைச் சுற்றி ஊற்றலாம். தண்ணீரை ஒரு மரத்துப் பாத்தியிலிருந்து இன்னொரு மரத்துப் பாத்திக்கு ஓட விடாதீர்கள். நோயை நாமே தண்ணீரோடு சேர்த்து அனுப்புகிற வேலை அது. ஒவ்வொரு மரத்துக்கும் தனி வட்டப்பாத்தி, முடிந்தால் சொட்டுநீர்.

எரித்த குழியில் உடனே தென்னங்கன்று வைக்க வேண்டாம். முதலில் வாழை வையுங்கள். அடுத்த கன்றை, பழைய குழியை விட்டுத் தள்ளி வையுங்கள். நோய்ப்பட்ட, வயதான மரங்களை அகற்றி மறுநடவு செய்ய தென்னை வளர்ச்சி வாரியத் திட்டத்தில் மானியம் உண்டு. வெட்டுவதற்கு முன்னாலேயே வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் போய்க் கேட்டுவிடுங்கள். நிற்கிற மரத்தை அவர்கள் வந்து பார்க்க வேண்டியிருக்கும், வெட்டிவிட்டுப் போய் நின்றால் காட்ட ஒன்றும் இருக்காது.

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வியாபாரி தோப்புக்குள் நடந்து பார்த்துவிட்டு மொத்தத்துக்கு ஒரு தொகை சொல்வார். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வைரக் கட்டைக்கு அடிக்கணக்கில் ஒரு விலை, விறகுக்கு எடைக்கு ஒரு விலை என்று பிரித்துப் பேசுங்கள். அடிக்கட்டை எடுப்பது யார் பொறுப்பு, மட்டை யாருக்கு, எத்தனை நாளில் கட்டை வெளியே போக வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கஜாவுக்குப் பிறகு எங்கள் பக்கம் மரத்தை அப்புறப்படுத்த நாமே கூலி கொடுக்க வேண்டியிருந்தது. எல்லா மரமும் ஒரே நாளில் விழுந்தால் விலை பேச வழியில்லை. ஒன்றிரண்டாக வாடுகிற மரத்துக்கு அந்த நெருக்கடி கிடையாது. தை மாதத்தில் ஒரு தடவை தோப்பை முழுசாகச் சுற்றி, அடிமரம் அடிமரமாகப் பார்த்து, எடுக்க வேண்டிய மரத்துக்குச் சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டால் மாசியில் பொக்லைன் வரும்போது ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.